நாவலில் இறந்துபோன யுவராணி

தான் இறந்துபோன செய்தி யுவராணிக்கு நாற்பத்தாறாவது வயதில் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. வெள்ளானூர் வீட்டின் சமையலறையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னது மகள் வர்ஷா. தான் சொல்வது அம்மாவைப் பற்றி என்று அவளுக்கே தெரியாது. கல்லூரியில் பாடமாக வைத்திருந்த ஒரு நாவலைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

யுவராணி அம்பத்தூர் எஸ்டேட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். பெல்ட்டில் வரிசையாக வரும் மூடிகளில் பிசிறு உள்ளதையும் கோணலாக இருப்பதையும் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறார். கணவர் தங்கராஜ் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார். வர்ஷா ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் இரண்டாம் வருடம். குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேறு அதிகமில்லை. அன்று காலை வரை வர்ஷாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

நாவலின் பெயர் ‘நீலத் தொட்டி’. ஒரு மனநல விடுதியின் பெண்கள் வார்டில் நடக்கும் கதை. காவேரி என்ற நோயாளி, முடி வெட்டும் மெஷினைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் எறிகிறாள். அவளை இருட்டறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். மூன்றாம் நாள் செத்துப்போகிறாள். ‘நீலத் தொட்டி நாவலில் குறியீடுகளும் கலகமும்’ என்ற தலைப்பில் ஆறு பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பேராசிரியர் பக்தவத்சலம். செல்போனைப் பார்த்து எழுதினால் மதிப்பெண் கிடையாது என்றும் சொல்லியிருந்தார்.

“தொட்டி நீலமா கீதுல்ல, அது ஆகாயமாம்மா. ஆகாயம்னா விடுதலை. தண்ணி வந்து அடிமனசு. அப்படித்தான் சார் கிளாஸ்ல சொன்னாரு” என்றாள் வர்ஷா.

“அது கறுப்புடி” என்றார் யுவராணி.

“எது?”

“அந்தத் தொட்டி. கறுப்பு சின்டெக்ஸ். மூடி ஒடஞ்சி கெடந்துது. உள்ள பூரா பாசி. துணி தோய்க்கத்தான் அந்தத் தண்ணிய எடுப்பாங்க.”

வர்ஷா சிரித்தாள். “நீ இன்னாமோ நேர்ல பாத்த மாதிரி சொல்ற.”

யுவராணி இன்னும் இரண்டு அவரைக்காய்களை நறுக்கினார். பிறகு கேட்டார். “ஜன்னல் கம்பியில செவப்புத் துணி கட்டிக் கீதுன்னு வருதா?”

“வருது. கலகத்தோட குறியீடு.”

“தரை தொடைக்கிற துணி. காயறதுக்காகப் போட்டு வெச்சிருப்பாங்க. ஜெபாக்கான்னு ஒரு அட்டெண்டர். அவங்கதான் கட்டுவாங்க, காத்துல பறந்துடக் கூடாதுன்னு.”

வர்ஷா புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா ஐந்து மாதம் வீட்டில் இல்லை. மாங்காட்டில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள், மஞ்சள் காமாலை, குழந்தைகள் பக்கத்தில் போனால் ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா சொல்லியிருந்தார். திரும்பி வந்தபோது அம்மாவின் தலைமுடி விரலால் பிடிக்க முடியாத அளவுக்குக் குட்டையாக இருந்தது. காமாட்சி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டதாகச் சொன்னார்கள். வர்ஷா நம்பினாள். ஏழு வயதில் நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை.

“மாங்காடு இல்லியா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றார் யுவராணி.

நடந்தது இதுதான். வெள்ளானூரில் அதுவரை வயலாக இருந்த இடமெல்லாம் அந்த வருடம் மனைகளாயின. யுவராணியின் மாமனாரும் மாமியாரும் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் வரிசையாக வீடுகள் வந்தன. வீட்டுக்கு வீடு போர் போட்டு மோட்டார் வைத்தார்கள். யுவராணிக்கு முதலில் தூக்கம் போனது. பிறகு அந்த மோட்டார்களின் சத்தத்தில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஒரே ஒரு மோட்டார் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பார். பதினாலு மோட்டார்களும் ஒன்றாகக் கூப்பிட்டன. ஒரு நாள் காலை வெளியே போய் ஒவ்வொரு வீட்டுக் காம்பவுண்டிலும் ஏறிக் குதித்துப் பதினாலையும் நிறுத்திவிட்டு வந்தார். மறுநாளும் அதைச் செய்தார். மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. போலீஸ்காரர் நல்லவர். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகாமல், பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு விடுதி இருக்கிறது, கொண்டுபோய்ச் சேருங்கள் என்று தங்கராஜிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த விடுதி இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது.

“நாவல்ல காவேரிக்கும் மோட்டார் சத்தத்துல பேரு கேக்கும்” என்றாள் வர்ஷா. குரல் இறங்கிப்போயிருந்தது.

“கேக்கும். நான்தான் சொன்னேன்.”

“யார்கிட்ட?”

யுவராணி கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையைப் பார்த்தார். ஆசிரியரின் படம் இருந்தது. கன்னத்தில் விரலை ஊன்றியபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். “இவருதான். மருந்து ரூம்ல இருந்த கம்பவுண்டர் தமிழரசு. அப்ப மீசை வெச்சிருந்தாரு. மாத்திரை குடுக்கறப்ப எல்லாருகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுவாரு. நல்ல மனுசன்.”

“கடைசியில இன்னா ஆவுதுன்னு தெரியுமா?”

“படி.”

வர்ஷா படித்தாள். காவேரி இருட்டறையில் சாவது ஒன்றரைப் பக்கம். அவள் உயிர் போகும்போது வெளியே மழை பெய்கிறது, தொட்டி நிரம்பி வழிகிறது. யுவராணி முழுவதையும் கேட்டார்.

“அது சித்திரை மாசம்” என்றார். “ஒரு பொட்டு மழை கெடையாது.”

மத்தியானம் சாப்பிட வந்த தங்கராஜ், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

“சொல்லிட்டியா?” என்று மனைவியைக் கேட்டார்.

“நான் சொல்லல. புக்குல வந்துட்டுது.”

“எந்த புக்குல?”

“காலேஜ் புக்குல. நான் செத்துட்டேனாம்.”

தங்கராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பன்னிரண்டு வருடம் அந்தப் பொய்யைத் தனியாகக் காப்பாற்றியவர் அவர். யாராவது கேட்டால் மாங்காட்டுக்கு வாரம் ஒருமுறை கொண்டுபோன கீழாநெல்லி வரைக்கும் சொல்லுவார். “நாளைக்கு உன்னைப் பொண்ணு பாக்க வர்றவன் அம்மாவுக்கு இன்னான்னு கேப்பான் பாப்பா. அதுக்குத்தான்” என்றார்.

“வர்றவனுக்காக என்கிட்ட பொய் சொன்னியா நைனா?”

தங்கராஜ் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வர்ஷா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாங்காட்டுப் பெரியம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மாவைப் பிடித்து வைத்துக்கொண்ட பெரியம்மா என்று சின்ன வயதிலிருந்தே அவர்மேல் வர்ஷாவுக்குக் கோபம். எந்த விசேஷத்திலும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. “சாரி பெரியம்மா” என்றாள். “எதுக்குடி?” என்றார் பெரியம்மா. “சும்மாதான்” என்றாள். பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் பிரசாதத்தோடு வந்து இறங்கினார்.

வர்ஷா ஒப்படைப்பை எழுதினாள். தொட்டி உண்மையில் கறுப்பு என்றும், சிவப்புத் துணி தரை துடைப்பது என்றும், காவேரி சாகவில்லை என்றும் ஆறு பக்கம் எழுதினாள். பக்தவத்சலம் பத்துக்கு நாலு மதிப்பெண் போட்டு, சிவப்பு மையில், ‘கற்பனை நன்று. மேற்கோள் எங்கே?’ என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த மாதக் கடைசியில் கல்லூரியில் ஒரு கருத்தரங்கம் நடந்தது. நாவலாசிரியர் தமிழரசு வருவதாகச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். வர்ஷா அதை வீட்டில் சொன்னாளே தவிர அம்மாவைக் கூப்பிடவில்லை. அம்மா அங்கே வந்தால் கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்துபோகும். கூப்பிடாமல் இருப்பதும் அவளுக்கு என்னவோ போலிருந்தது. யுவராணி கேட்டுக்கொண்டு, மறுநாள் கம்பெனியில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினார்.

அரங்கில் நூறு பேர் இருந்தார்கள். யுவராணி கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து வர்ஷா திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடையில் மூன்று கட்டுரைகள் வாசித்தார்கள். கிஷோர் என்ற மாணவன், இருட்டறை ஒரு கருப்பை என்றும் காவேரி அதற்குள் போவது மறுபிறப்பு என்றும் நிறுவினான். இன்னொரு மாணவி, முடி என்பது அடையாளம், மெஷின் என்பது அதிகாரம் என்றாள். காவேரியின் கலகம் தனிமனுஷியின் கலகம், அவள் யாருக்காகவும் அதைச் செய்யவில்லை, அதுதான் அதன் மேன்மை என்றார் பக்தவத்சலம். தமிழரசு தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்று சொல்லி மைக்கைச் சுற்றுக்கு விட்டார்கள். முதல் கையாக யுவராணியின் கை உயர்ந்தது.

“வணக்கங்க. என் பேரு யுவராணி. மூடிக் கம்பெனியில வேலை செய்யறேன். சார் புக்குல காவேரின்னு வர்றது நான்தான். நான் சாவலீங்க.”

சிலர் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள். தமிழரசு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

“செத்ததைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. கதைன்னா யாராச்சும் சாவணும். நான் கேக்க வந்தது வேற. அந்தப் பொண்ணு எங்க?”

“எந்தப் பொண்ணும்மா?” என்றார் தமிழரசு. மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

“மதிவதனி. என் பக்கத்துக் கட்டில். இருபது வயசுதான் இருக்கும். பேசாது. இடுப்பு வரைக்கும் முடி. வார்டுல பேன் வருதுன்னு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா முடி வெட்டற ஆளு மெஷினோட வந்து நாலஞ்சு பேருக்கு வெட்டுவாரு. பிளேடு மொக்கை. வெட்டாது, புடுங்கும். எனக்கு முன்னாடியே வெட்டியாச்சு. என் தலையில ஒண்ணும் இல்ல. அன்னிக்கு அந்தப் பொண்ண உக்கார வெச்சாங்க. அது கத்தல. என் கையப் புடிச்சிக்கினு கெஞ்சற மாதிரி பாத்துது. அதான் புடுங்கிப் போட்டேன். நீங்க அந்தப் பொண்ண எடுத்துட்டு மெஷினை மட்டும் வெச்சிருக்கீங்க. யாருமே இல்லாதப்போ நான் எதுக்கு மெஷினைத் தூக்கித் தொட்டியில போடப் போறேன்? எனக்கு இன்னா பைத்தியமா?”

அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று பலர் யோசித்தது தெரிந்தது.

பக்தவத்சலம் மைக்கை வாங்கினார். “அம்மா, அப்போது உங்கள் மனதில் அந்த அமைப்புக்கு எதிரான உணர்வு என்று ஏதாவது...”

“அமைப்புன்னா?”

“அதாவது, அந்த விடுதி, அதன் நிர்வாகம், அதிகாரம்.”

யுவராணி யோசித்தார். “முடி வெட்டற ஆளு மேல கோவம் இருந்துது” என்றார். “அவரும் இன்னா பண்ணுவாரு, தலைக்கு இவ்ளோன்னு வந்தவரு.”

கருத்தரங்கம் கால் மணி நேரம் முன்னதாகவே முடிந்தது. வெளியே டீயும் சமோசாவும் வைத்திருந்தார்கள். தமிழரசு நேராக யுவராணியிடம் வந்தார். கையில் டீ டம்ளர் இருந்தது.

“நான் அந்தப் பொண்ணைப் பார்க்கலம்மா. நான் மருந்து ரூம்ல இருந்தேன். சத்தம் கேட்டு வெளிய வர்றப்ப உங்களை இழுத்துட்டுப் போறாங்க. ஊசி மருந்து எடுத்துக் குடுன்னாங்க. எடுத்துக் குடுத்தேன். ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துக் குடுத்தேன், அவங்க கேட்டாங்கன்னு. கதவைப் பூட்டினதைப் பார்த்தேன். மறுநாளே வேலையை விட்டுட்டேன். அப்புறம் அந்தப் பக்கமே போகல.”

“சரி” என்றார் யுவராணி.

“நீங்க போய்ட்டீங்கன்னே நினைச்சேன். அவ்வளவு மருந்து. பத்து வருஷம் அதை வெச்சுக்கிட்டு இருந்தேன். எழுதினாத்தான் போகும்னு எழுதினேன்.”

“போச்சா?”

தமிழரசு டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். யுவராணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மீதிக் கதையைச் சொன்னார்.

இரண்டு நாள் யுவராணிக்கு நினைவே இல்லை. மூன்றாம் நாள் காலை ஜெபாக்கா கதவைத் திறந்தார். ரசம் சாதமும் ஒரு அப்பளமும் கொண்டுவந்திருந்தார். தொட்டியிலிருந்து எடுத்த மெஷின் ஓடவில்லை, புதுசு வாங்க நிர்வாகத்துக்கு மனசு வரவில்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்குப் பதிலாகப் பேன் சீப்பு நாலு வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யுவராணி அங்கே இருந்த இரண்டு மாதமும் யாருக்கும் முடி வெட்டவில்லை. சாயங்காலமானால் வார்டில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன் பார்த்தார்கள். வரிசையின் கடைசியில் உட்கார யுவராணியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தலையில் பார்க்க ஒன்றும் இல்லை.

“மதிவதனி?” என்று கேட்டார் தமிழரசு.

“அவங்க அண்ணன் வந்து கூட்டிக்கினு போனாரு. திருவள்ளூர் பக்கம். அன்னிக்குக் காலையில நான்தான் சடை பின்னி வுட்டேன். போறப்ப ஒரு வார்த்தை பேசுச்சு.”

“என்ன பேசுச்சு?”

“‘இறுக்கமா கீது’ன்னுது.”

தமிழரசு சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். சமோசா எடுக்க வந்த மாணவர்கள் தட்டோடு ஒதுங்கிப் போனார்கள். அடுத்த பதிப்பில் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிடுவதாக அவர் சொன்னார். யுவராணி சரி என்றார். அரை நாள் லீவு முடியப் போகிறது, கம்பெனிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார். வர்ஷா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். வழியில் எதிர்ப்பட்ட கிஷோர், “ஆன்ட்டி, அந்த இருட்டறை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான். “ஸ்டோர் ரூமுப்பா. பாய் அடுக்கி வெச்சிருந்தாங்க” என்றார் யுவராணி. கிஷோர் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

அடுத்த பதிப்பு ஆறு மாதத்தில் வந்தது. பாடத்திட்டத்தில் இருப்பதால் பக்க எண்கள் மாறக் கூடாது என்று பதிப்பகம் சொல்லிவிட்டதாம். ஆகவே உள்ளே எதுவும் மாறவில்லை. தொட்டி நீலமாகவே இருந்தது, காவேரி மழையிலேயே செத்தாள். முன்னுரையில் மட்டும் தமிழரசு ஒரு பத்தி சேர்த்திருந்தார். இந்த நாவலில் தான் பார்க்கத் தவறிய ஒரு பெண் இருக்கிறாள், அவள் பெயர் மதிவதனி, காவேரி செய்தது அவளுக்காக என்று எழுதியிருந்தார். யுவராணிக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். யுவராணி அந்தப் பத்தியை வர்ஷாவிடம் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, “இது போதும்” என்றார். அன்று முழுக்க அவர் சந்தோஷமாக இருந்ததாக வர்ஷா சொல்கிறாள். இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை வாங்கிவரச் சொன்னாராம்.

செமஸ்டர் தேர்வில், ‘காவேரியின் மரணம் எதைக் குறிக்கிறது? விளக்குக’ என்று பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. என்ன எழுதுவது என்று முன்பே அம்மாவிடம் கேட்டிருந்தாள் வர்ஷா. “புக்குல இன்னா கீதோ அத்த எழுதிட்டு வா. எனக்காக ஃபெயில் ஆவாத” என்று யுவராணி சொல்லியிருந்தார். வர்ஷா இரண்டு பக்கம் எழுதினாள். பாஸ் செய்துவிட்டாள்.

தங்கராஜ் இப்போது யாரிடமும் மாங்காட்டுக் கதையைச் சொல்வதில்லை. யாராவது கேட்டால், “உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்துச்சு, இப்ப நல்லா கீது” என்கிறார். அதற்கு மேல் கேட்பவர்கள் குறைவு என்பது அவருக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாத்திரை வாங்க யுவராணி கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போகிறார். போன மாதத்திலிருந்து வர்ஷாவும் போகிறாள். வரிசை நீளமாக இருக்கும், இரண்டு மணி நேரம் ஆகும். முதல் நாள் டாக்டர் கோப்பைப் பார்த்தபடியே, “கூட வந்தது யாரு?” என்று கேட்டார்.

“என் பொண்ணு” என்றார் யுவராணி. “தமிழ் படிக்குது.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.